மட்டக்களப்பில் 'பேய்க்காதல்' படம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, ஏறாவூர் என்று தெரிந்த தாய்மார் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த வாம்பயர் படத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?" (வாம்பயர் என்றால் இரத்தம் குடித்து, சாகாமல் வாழும் மேற்கத்தையப் பேய்.) அக்காவின் மகளையும் அவளுடைய கூட்டாளிப் பிள்ளைகளையும் இப்படியான படங்களுக்குக் கூட்டிப் போவது சில வருடங்களாக என் பொறுப்பு. இந்த வகைப் படங்களுக்கு 'பேய்க்காதல்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். தாய்மார் கேட்டவையும் பிள்ளைகள் கேட்டவையும் கலந்து இருக்கும்.

இது பேய்ப் படமா, காதல் படமா?

காதல் படம். பேய் அதில் ஒரு தடை மட்டும்தான். நம்முடைய படங்களில் காதலுக்குக் குறுக்கே சாதி நிற்கும், பணம் நிற்கும், தாய்மாமன் நிற்பார். இந்த வகைப் படங்களில் குறுக்கே நிற்பது மரணம். ஒருவருக்கு வயது ஏறும், மற்றவருக்கு ஏறாது. ஒருவருக்குப் பசித்தால் சோறு, மற்றவருக்குப் பசித்தால் இரத்தம். பதினாறு, பதினேழு வயதில் ஒருவர்மேல் விருப்பம் வந்தால் அது நெஞ்சுக்குள் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். அதே அளவில் திரையில் காட்டச் சாதாரணத் தடை போதாது. அதனால்தான் வாம்பயர், ஓநாய் மனிதன், ஆவி, சாபம் எல்லாம் வந்து சேர்கின்றன.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ட்வைலைட். ஸ்டெபனி மேயர் 2005 இல் எழுதிய நாவல், 2008 இல் கேத்தரின் ஹார்ட்விக் இயக்கத்தில் படமானது. பெல்லா என்ற 17 வயதுப் பிள்ளை, அப்பாவோடு இருப்பதற்காக ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு வருகிறாள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் எட்வர்ட் ஒரு வாம்பயர். 1918 இல் சிகாகோவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது வாம்பயராக மாற்றப்பட்டவன். அன்றிலிருந்து அவனுக்கு வயது 17 தான். பிறகு வந்த எத்தனையோ படங்களில் இந்தக் கதையின் சாயல் இருப்பதால் கீழே அடிக்கடி இதைத்தான் தொடுவேன்.

முந்தைய பாகங்களைப் பார்க்காமல் போனால் விளங்குமா?

பாதி விளங்கும். ட்வைலைட்டில் ஐந்து படங்கள்: 2008, 2009, 2010, பிறகு கடைசி நாவலை இரண்டாகப் பிரித்து 2011, 2012. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கத் தேவையில்லை, முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும். எந்தத் தொடருக்கும் இதைத்தான் சொல்வேன். தியேட்டருக்குள் "இவர் ஆர், அவர் ஆர்" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் படம் போய்விடும்.

வாம்பயர் என்றால் நம்ம ஊர்ப் பேய்தானே?

இதை என் அம்மாவே கேட்டார். தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்று எழுதுவதால் வரும் குழப்பம் இது. நம் பக்கத்தில் காட்டேறி மடை வைத்துக் கும்பிடப்படும் தெய்வமும்தான். சடங்கு செய்யும் கட்டாடியார் கூப்பிடும் பெயர் ஒன்றைப் பல் நீண்ட வெள்ளைக்காரப் பொடியனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் வாம்பயர் என்றே சொல்லுங்கள்.

நம்முடைய மோகினியும் முனியும் இடத்தோடு கட்டுப்பட்டவை. ஒரு புளியமரம், ஒரு ஆற்றங்கரை, ஒரு பாழ்வளவு என்று இருக்கும். காத்தான்குடியில் என் கூட்டாளியின் உம்மா சொல்லும் ஜின் கதைகளிலும் கிணற்றடியும் பாழ்வீடும்தான் வரும். வாம்பயர் அப்படி இல்லை. அவன் பள்ளிக்கூடம் போவான், கார் ஓட்டுவான், பியானோ வாசிப்பான். நமக்கு நடுவிலேயே இருப்பான் என்பதுதான் அவனுடைய பயமும் கவர்ச்சியும்.

ஆனால் காதலையும் மாயத்தையும் சேர்த்துப் பேசுவது நமக்குப் புதிதில்லை. 'மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்' என்று வெளியூர்க்காரர் நம்மைப் பற்றிச் சொல்லும் பேச்சு எல்லாருக்கும் தெரியும். வந்த ஆம்பிளை திரும்பிப் போகாதபடி மந்திரம் போட்டுவிடுவார்கள் என்பது அதன் பொருள். என் அம்மம்மா அதற்கு வேறு விளக்கம் சொல்லுவார்: "வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதிக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை வந்து இருக்கிறார். சோறு ருசி. மறுகா அவர் ஏன் போகப் போறார்?" வசியம் என்று பிறர் சொன்னதைத் தாய்வீட்டுச் சீதனம் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. வாம்பயர் கண்ணாடியில் தெரியமாட்டான், அதை வைத்து அவனைக் கண்டுபிடிக்கலாம் என்பது மேற்கத்தையக் கதைகளில் வரும். நம் நளன் கதையிலும் இப்படி அடையாளம் கண்டுபிடிப்பது உண்டு. தமயந்தி தன் சுயம்வரத்தில் ஐந்து நளன்களைக் கண்டாள். நால்வர் தேவர்கள். அவர்களுக்குக் கண் இமைக்கவில்லை, கால் நிலத்தில் பாவவில்லை, மாலை வாடவில்லை. வியர்த்து, கண் இமைத்து, வாடின மாலையோடு நின்ற மனிதனுக்கு அவள் மாலையிட்டாள். இந்தக் கதையை ஒரு முறை இடைவேளையில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அப்ப பெல்லா செய்தது நேர் எதிர், என்ன சின்னம்மா? சாகாதவனைத்தானே அவ எடுத்தா" என்றாள் அக்காவின் மகள். எனக்கு அது வரைக்கும் தோன்றாத விஷயம். மீதிப் படம் முழுக்க அதை யோசித்துக்கொண்டே பார்த்தேன்.

வெயில் பட்டால் வாம்பயர் எரிய வேண்டாமா? எட்வர்ட் மின்னுகிறானே?

பொடியன்கள் இதை வைத்துத்தான் பெண்பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். சரியான பதில் ஒன்று இருக்கிறது, சொல்லிக் கொடுங்கள். 1897 இல் வந்த டிராகுலா நாவலிலேயே டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் அவனுடைய சக்தி குறையும், ஆனால் வெயில் அவனைக் கொல்லாது. சூரிய ஒளி வாம்பயரை அழிக்கும் என்பதைப் பரப்பியது 1922 இல் ஜெர்மனியில் எடுத்த நொஸ்ஃபெராட்டு என்ற மௌனப் படம். ஆகவே 'உண்மையான வாம்பயர் எரிவான்' என்ற சட்டமே ஒரு படம் போட்ட சட்டம்தான். இன்னொரு படம் அதை மாற்றலாம்.

மின்னுவதற்குக் கதையில் வேலையும் இருக்கிறது. வெயிலில் நின்றால் அவர்கள் ஆர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தக் குடும்பம் ஃபோர்க்ஸில் குடியிருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள உண்மையான ஊர் அது. வருடத்துக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை, எந்நேரமும் மேகமூட்டம். சித்திரை வெயிலில் கல்லடிக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு இருட்டான ஊரைக் கற்பனை செய்வது கஷ்டம். நமக்கு அந்த வெளிச்சம் தெரியும் என்றால் மார்கழி அடைமழையில்தான், வாவி நிறைந்து வீதிக்கு வரும் நாட்களில். முதல் படம் முழுவதையும் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் எடுத்திருக்கிறார்கள். பெரிய திரையில் அந்த நிறம் உடம்பில் குளிர்போல ஏறும்.

ஓநாய்களைப் பற்றிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

இலங்கையில் ஓநாய் கிடையாது, நரிதான் உண்டு. அதனால் நம் பிள்ளைகள் திரையில் குதிரை அளவு ஓநாயைக் கண்டால் பெரிய நாய் என்றே நினைப்பார்கள். நான் சொல்ல விரும்புவது அதைவிட முக்கியமான ஒன்று.

ட்வைலைட்டில் ஓநாயாக மாறும் ஜேக்கப்பும் பெல்லாவை விரும்புகிறவன். அவன் கிலியூட் என்ற இனத்தவன். அது கற்பனை இனம் இல்லை. ஃபோர்க்ஸுக்கு அருகே லா புஷ் என்ற கடலோரக் கிராமத்தில் வாழும் பூர்வீக மக்கள் அவர்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய பழைய கதை. மனிதர் ஓநாயாக மாறி வாம்பயரோடு சண்டை பிடிப்பது மட்டும் நாவலாசிரியர் சேர்த்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் விரிவாகச் சொல்வது இதன் அடுத்த பகுதி. அந்தக் கிராமம் கடல் மட்டத்தோடு இருக்கிறது, சுனாமி வந்தால் பள்ளிக்கூடமும் வீடுகளும் போய்விடும் என்ற நிலை இருந்தது. பக்கத்தில் உள்ள தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கர் காணியை அவர்களுக்குக் கொடுக்கும் சட்டத்தில் 2012 பெப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார். பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் மேட்டு நிலத்துக்கு மாற்றுவது அதன் முக்கிய நோக்கம். 2004 மார்கழி 26 இல் நாவலடியிலும் கல்லாற்றிலும் மருதமுனையிலும் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். எங்கோ இருக்கும் வெள்ளைக்கார ஊர்க் கதை என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, "அவங்களுக்கும் கடல் பயமா?" என்று கேட்டதை மறக்க மாட்டேன். அதன் பிறகு அவள் ஜேக்கப்பின் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

மகளுக்கு 13 வயது. கூட்டிப் போகலாமா?

நீங்களும் கூடப் போவதென்றால், ஓம். ட்வைலைட் ஐந்துக்கும் அமெரிக்காவில் கொடுத்த தரம் ஒன்றுதான்: 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் தரம். முதல் மூன்றில் முத்தமும் சண்டையும்தான். நான்காவதில் திருமணம், தேனிலவு, பிறகு மிகக் கொடூரமான ஒரு பிரசவம். அந்தப் பிரசவக் காட்சிக்கு 13 வயது போதாது என்பது என் எண்ணம். 15 வரைக்கும் பொறுக்கச் சொல்வேன். முத்தத்தைக் கண்டு பதறுகிற தாய்மார் பலர் இரத்தக் காட்சியை விட்டுவிடுகிறார்கள். இரவு நித்திரையைக் கெடுப்பது முத்தம் இல்லை.

வேறு படம் என்றால் போஸ்டரில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பேச்சே இல்லை, பிள்ளை எவ்வளவு அழுதாலும் வேண்டாம்.

பெல்லா நித்திரை கொள்ளும்போது எட்வர்ட் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அது அழகா?

இல்லை. இதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் நான் மனதாரப் போற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. எட்வர்டுக்கு அவளுடைய இரத்தத்தின் வாசம் தாங்க முடியாத ஆசையைக் கொடுக்கிறது, ஆனாலும் அவன் தன்னை அடக்குகிறான். அவனுடைய குடும்பம் மனித இரத்தத்தைத் தொடாமல் மிருக இரத்தத்தோடு நிற்பதால் தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொள்ளும். பலம் முழுவதும் தன் கையில் இருக்கும்போது அடக்கமாக இருக்கத் தெரிந்த ஒருவனைப் பெண்பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்றால் அதில் என்ன பிழை? பஸ்ஸிலும் ரியூசன் வாசலிலும் அவர்கள் படும் பாட்டை வைத்துப் பார்த்தால் அந்த ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஆனால் அதே படத்தில் அவன் கேட்காமல் அவளுடைய அறைக்குள் வருகிறான், பின்னால் தொடர்கிறான். பின்னணி இசையும் அழகான முகமும் அதைக் காதலாகக் காட்டுகின்றன. நம் தெருவில் ஒருவன் அப்படிச் செய்தால் நாங்கள் அவனை என்ன சொல்வோம்? இந்தக் கேள்வியை ஒரு முறை படம் முடிந்து வரும் வழியில் கேட்டேன். நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் உடனே "பொலிஸ்" என்றார்கள். நான்காவது பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் வந்து, "ஆனா அவன் நல்லவன்தானே" என்றாள். அந்தப் பேச்சு வீடு வரைக்கும் போனது. அன்று பெரியவர் யாரும் கூட இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அதை ஆரிடம் கேட்டிருப்பாள்?

நம் கதைகளையும் இதே மாதிரி விசாரிக்கலாம். முருகன் வேடனாக வந்து, கிழவனாக வந்து, கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்து வள்ளியைப் பயப்படுத்தித் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறார். மண்டூர்க் கோவில் திருவிழாவுக்குப் போய் வளர்ந்தவள் நான், அந்தக் கதையை மனதோடு நேசிப்பவள். தெய்வத்தின் விளையாட்டு என்று அதைக் கேட்கிறோம், பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு அந்த விளையாட்டு இல்லை. வாம்பயருக்கும் அப்படித்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

பெண்பிள்ளைகள் மட்டும் சேர்ந்து தியேட்டருக்குப் போகலாமா?

பகல் காட்சிக்குப் போகலாம். இரண்டரை மணிக் காட்சி என்றால் முடிந்து வெளியே வரும்போது வெளிச்சம் இருக்கும், பஸ்ஸும் இருக்கும். மாலைக் காட்சி முடிய ஒன்பது மணி தாண்டிவிடும். களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் போகிறவர்கள் அந்த நேரம் வாகனத்துக்கு அலைய வேண்டும். தெரிந்த ஆட்டோ அண்ணன் ஒருவரை முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளையும் தவிர்ப்பது நல்லது. நம் பக்கத் தியேட்டர்களில் முதல் நாள் கூட்டம் பொடியன்களின் கூட்டம். பெரிய நடிகரின் இந்தியத் தமிழ்ப் படத்துக்கு அந்தக் கூச்சல் பொருத்தம், பாலும் ஊற்றுவார்கள் பட்டாசும் கொளுத்துவார்கள். இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்ளும் படத்துக்கு அது சரிவராது. நான்காம், ஐந்தாம் நாள் போனால் விரும்பின இடத்தில் இருக்கலாம். நான் பல்கனியில் நடு வரிசையைத்தான் எடுப்பேன். வரிசையின் இரண்டு ஓரத்திலும் பெரியவர்கள், நடுவில் பிள்ளைகள்.

ஒரு முறை எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் முத்தக் காட்சிக்கு விசிலடித்தார்கள், பிறகு எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கூடாத கதை கதைக்கத் தொடங்கினார்கள். நான் எழும்பிப் போய்க் கதவடியில் நின்றவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சும்மா நின்றார். திரும்பி வந்து, அந்த வரிசையில் இருந்த ஒரு வயதான ஐயாவிடம் சொன்னேன். அவர் திரும்பி, "தம்பிமார், இது நம்ம பிள்ளைகள்" என்று மட்டும் சொன்னார். அதோடு அடங்கிவிட்டது. தியேட்டரில் வேலை செய்கிறவர் உதவவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் குடும்பங்களைக் கேளுங்கள். கேட்டால் வருவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதியில் வெளியே போகாதீர்கள், காசு கொடுத்து வந்தவர்கள் அவர்களும்தான்.

இங்கிலீஷ் விளங்காதே?

தமிழில் குரல் கொடுத்த பிரதி கிடைத்தால் அம்மம்மாவையும் கூட்டிப் போகலாம். அதன் தமிழ் இந்தியத் தமிழாக இருக்கும், பழகின காதுதான் நமக்கு. ஆனால் காதல் பேச்சுகள் தமிழில் வரும்போது கொஞ்சம் நாடகத்தனமாகக் கேட்கும். திரையின் அடியில் எழுத்தோடு வரும் இங்கிலீஷ் பிரதி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். இந்தப் படங்களில் வசனம் குறைவு, பார்வையும் மௌனமும் அதிகம். சாதாரண தரம் (பத்தாம், பதினோராம் வகுப்பு) படிக்கும் பிள்ளைக்குத் தாராளமாக விளங்கும்.

போனில் பார்க்கலாமே, ஏன் தியேட்டர்?

முதல் படத்தை நான் பார்த்தது 2009 இல். எனக்கும் அப்போது 17. யுத்தம் கிழக்கில் முடிந்திருந்தாலும் பயம் முடியவில்லை, பொழுதுபட்டால் வீட்டுக் கதவு பூட்டிவிடும். கூட்டாளி ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர், சின்னத் தொலைக்காட்சி, தேய்ந்த டிவிடி. அவளுடைய அப்பாவுக்குக் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். இடியோடு சேர்த்து எட்வர்டின் குடும்பம் பேஸ்பால் விளையாடும் காட்சியில் இடியே கேட்கவில்லை. பந்தை அடிக்கும் சத்தத்தை ஊருக்கு மறைப்பதற்காகத்தான் இடி நேரத்தில் விளையாடுகிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கவும் இல்லை. அழ வந்தபோது ஒவ்வொருத்தியும் மற்றவளுக்குத் தெரியாமல் அழுதோம்.

கடைசிப் படம் 2012 இல் வந்தபோது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். உதயதேவி ரயிலில் எட்டு ஒன்பது மணித்தியாலம் பயணம் செய்து என் பழைய கூட்டாளி ஒருத்தி இதற்கென்றே வந்தாள். படத்தில் பெரிய சண்டை நடக்கிறது. எல்லாரும் விரும்பும் ஒருவர் விழுகிறார். அந்த நொடியில் தியேட்டர் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, நாங்கள் என்று நானூறு ஐந்நூறு பேருக்கு ஒரே பதற்றம். பக்கத்தில் இருந்த, பெயர்கூடத் தெரியாத பிள்ளை என் கையைப் பிடித்துவிட்டாள். விறாந்தையில் ஒளித்து அழுதவர்கள் அன்று எல்லாருக்கும் முன்னால் அழுதோம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

போனில் பார்த்தால் கதை கிடைக்கும். தன்னைப்போல இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வருவது தியேட்டரில்தான்.

இதெல்லாம் பெண்பிள்ளைகளின் வெறும் கனவு என்று வீட்டு ஆம்பிளைகள் சொல்கிறார்களே?

அந்தக் கனவின் கணக்கைச் சொல்லுங்கள். முதல் படத்தை எடுக்கச் செலவு 3 கோடி 70 இலட்சம் டொலர். அமெரிக்கா, கனடா இரண்டிலும் முதல் மூன்று நாளில் மட்டும் ஏறத்தாழ 7 கோடி டொலர் வசூலித்தது. ஒரு பெண் இயக்கிய படத்துக்கு அதுவரை அப்படி ஒரு தொடக்கம் கிடைத்ததில்லை. எழுதியவர் பெண், திரைக்கதை எழுதியவர் பெண், இயக்கியவர் பெண், காசு கொடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பத்துப் பேரை ஒரே கையால் தூக்கி அடிக்கும் கதாநாயகனை நம்பிக்கொண்டு பார்க்கும் அப்பாவும் அண்ணனும், இதையும் அதே மனதோடு ஒரு முறை உட்கார்ந்து பார்க்கட்டும். கேட்டுக்கொள்கிறேன், சண்டைக்குச் சொல்லவில்லை.

மகனும் வரலாமா?

கட்டாயம். என் மருமகன் 14 வயதில் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தான், சண்டைக் காட்சிக்காக வந்ததாகச் சொன்னான். அறைக்குள் வந்து பார்க்கும் காட்சியைப் பற்றிப் பெண்பிள்ளைகள் கதைத்ததை ஆட்டோவின் முன் ஓரத்தில் இருந்து வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தான். எங்கள் பேச்சில் எது அவனுக்குள் போனதோ, அடுத்த வாரம் "இன்னொருக்கா போவமா மாமி" என்றான்.

வலிப்பு வரும் பிள்ளை பார்க்கலாமா?

முதலில் வைத்தியரைக் கேளுங்கள். 2011 இல் வந்த நான்காவது ட்வைலைட் படத்தின் பிரசவக் காட்சியில் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். அதைப் பார்த்துச் சிலருக்கு வலிப்பு வந்ததாகச் செய்தி வந்து, அமெரிக்காவின் வலிப்பு நோய் அமைப்பு எச்சரிக்கையும் விட்டது. பேய்ப் படங்களில் இப்படியான மின்னல் காட்சிகள் அதிகம். இந்த நோய் உள்ள பிள்ளை இருட்டில் பெரிய திரைக்கு முன்னால் உட்காருவதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள்.

இடைவேளையில் என்ன வாங்கலாம்?

கச்சான், ரோல்ஸ், குடிக்கத் தண்ணீர். மொறுமொறுப்பான எதையும் மெல்லிய காட்சியில் திறக்க வேண்டாம்.

பரீட்சை நெருங்குகிறதே?

இரண்டரை மணித்தியாலத்தில் எந்தப் பரீட்சையும் போய்விடாது. போகாமல் விட்டால் பிள்ளை மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருக்கும். கடைசி வாரம் என்றால் மட்டும் தள்ளிப் போடுங்கள்.

படம் பார்த்து வந்து மகள் இரண்டு நாளாகப் பேசவில்லை, அழுகிறாள். என்ன செய்வது?

முதலில் சிரிக்காதீர்கள். "படம்தானே" என்றும் சொல்லாதீர்கள், அவளுக்கும் அது தெரியும். என் அனுபவத்தில் பிள்ளை அழுவது எட்வர்டுக்காக இல்லை. தன்னை அப்படி ஒருவர் பார்ப்பாரா, தன் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடக்குமா என்ற கேள்விக்காக. பெல்லா பெரிய அழகி இல்லை, நடக்கும்போது தடுக்கி விழுகிறவள், புது ஊரில் கூட்டாளி இல்லாதவள். அவளை ஒருவன் நூறு வருடம் காத்திருந்ததுபோலப் பார்க்கிறான். பதின்மூன்று வயதில் முகத்தில் பரு வந்து, கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் இருக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். எந்தக் காட்சி பிடித்தது என்று கேளுங்கள். நீங்கள் அந்த வயதில் எந்தப் படத்துக்கு அழுதீர்கள் என்று சொல்லுங்கள், எல்லாத் தாய்மாருக்கும் ஒன்று இருக்கும். என் அக்கா தன் மகளிடம் அப்படி ஒரு பழைய கதையைச் சொன்னபோது நானும் முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன். சில நாள் கழித்தும் பிள்ளை சாப்பிடாமல், ஆளோடு சேராமல் இருந்தால் காரணம் படம் இல்லை, வேறு ஏதோ. அப்போது விசாரிக்க வேண்டியது பள்ளிக்கூடத்தையும் போனையும்.

படம் முடிந்து நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டுமா?

நேரம் இருந்தால் கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். புதுப் பாலத்தில் வாகனம் போகும். பக்கத்தில் 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இருக்கிறது, அதன் அருகே நின்றால் வாவி தெரியும். வாவியில் மீன் பாடும் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். அமைதியான நிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நாங்கள் போன அன்று தோணியும் இல்லை, நிலாவும் இல்லை. ஆனாலும் நான்கு பிள்ளைகளும் கைப்பிடிக் கம்பியில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். "ஏதோ கேக்குதுகா" என்றாள் ஒருத்தி. "லொறி போற சத்தம்" என்றாள் மற்றவள். ஆட்டோ அண்ணன் இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டு, பிறகு தானும் இறங்கி வந்து கம்பியில் காதை வைத்தார்.